கூடம் கோணலா, கோப்பை கோணலா?

முப்பத்தாறு வருடம் பேங்க்கில் குப்பை கொட்டியவன் நான். அதில் இருபத்திரண்டு வருடம் கேஷ் கவுண்ட்டர். சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது ஒரு ரூபாய் உதைத்தாலும் ராத்திரி சாப்பாடு இறங்காது. ஒருமுறை ஐம்பது பைசா அதிகமாக வந்துவிட்டது. ‘‘விட்டுத் தொலைங்க சார்!’’ என்றார் மேனேஜர். விடுவேனா? ஒன்பது மணிவரை உட்கார்ந்து தேடினேன். கடைசியில் பார்த்தால், அது என் சட்டைப் பையிலிருந்து விழுந்த சொந்தக் காசு!

இப்பேர்ப்பட்ட ஆசாமிக்குப் பிறந்த பெண் எப்படி இருக்க வேண்டும்? ஆடிட்டராக இருந்திருக்கலாம். குறைந்தபட்சம், வாங்கிய கடனையாவது எழுதி வைக்கிறவளாக இருந்திருக்கலாம். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவள், 2021-ல் ஒரு நாள் பெட்டியோடு வந்து நின்றாள்.

‘‘அப்பா, வேலையை விட்டுட்டேன். மண் வேலை செய்யப் போறேன்.’’

‘‘மண் வேலைன்னா... ரியல் எஸ்டேட்டா?’’

‘‘இல்லப்பா. பானை, ஜாடி, கோப்பை...’’

‘‘மண்ணாங்கட்டி!’’ என்று கத்தினேன்.

‘‘அதேதான்ப்பா!’’ என்றாள் சிரித்துக்கொண்டே.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, ‘‘ஏங்க, குழந்தை வந்ததும் வராததுமா... முதல்ல சாப்பிடட்டும்’’ என்றாள். முப்பது வயசுக் குழந்தை!

*

புதுச்சேரிப் பக்கம் போய் இரண்டு வருடம் கற்றுக்கொண்டாள். அங்கே ஏன் என்று கேட்டேன். 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்று இரண்டு அமெரிக்கர்கள் வந்து ‘கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி’ என்று ஒரு பட்டறை ஆரம்பித்தார்களாம். அவர்களிடம் கற்றவர்கள், கற்றவர்களிடம் கற்றவர்கள் என்று இன்றைக்குப் புதுச்சேரியிலும் ஆரோவில்லிலும் பட்டறைகள் கிளைவிட்டிருக்கின்றன. அப்படி ஒரு பட்டறையில்தான் என் பெண்ணும் மண் பிசைந்தாள்.

முதல் தடவை ஊருக்கு வந்தபோது எனக்கென்று ஒரு காபிக் கோப்பை கொண்டுவந்தாள். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் இடுப்பு ஒடிந்த மாதிரி சாய்ந்திருந்தது. இந்தப் பக்கம் ஆரஞ்சு நிறம், அந்தப் பக்கம் சாம்பல் நிறம். நடுவில் யாரோ துப்பிய மாதிரி ஒரு பச்சைத் திட்டு.

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் பழமொழி. இங்கே கூடமும் சரியாக இருக்கிறது, சக்கரமும் சரியாக இருக்கிறது. கோப்பை மட்டும் கோணல்!

‘‘பாப்பா, இது தப்பா வந்த கோப்பையா?’’ என்றேன், மனசு நோகாதபடி.

‘‘இல்லப்பா, இதுதான் நல்லா வந்தது!’’

நல்லா வந்ததே இதுவென்றால், நல்லா வராதது எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. தகப்பனாகப்பட்டவன் சிலதை விழுங்கத்தான் வேண்டும். காபி உள்பட.

அன்று ராத்திரி எனக்குப் பாடம் நடந்தது. ஜப்பானில், 16-ம் நூற்றாண்டில், சென் நோ ரிக்யூ என்று ஒருவர். தேநீர் அருந்துவதையே ஒரு வழிபாடு மாதிரி ஆக்கியவர். அந்தக் காலத்துப் பிரபுக்கள் சீனாவிலிருந்து வந்த வழுவழுப்பான கிண்ணங்களுக்கு உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது, இவர் சோஜிரோ என்ற ஓடு செய்கிற குடும்பத்துக்காரரைக் கூப்பிட்டு, சக்கரமே இல்லாமல் கையால் பிடித்த கறுப்புக் கிண்ணங்களைச் செய்ய வைத்தாராம். விரல் பதிந்த இடம் பதிந்தபடியே இருக்கும். ‘ராக்கு’ என்று பெயர். அந்தக் குடும்பம் இப்போது 16-வது தலைமுறையாகக் கியோட்டோவில் அதே தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது.

‘‘அவ்வளவு தூரம் எதுக்குப்பா? நம்ம கீழடி, ஆதிச்சநல்லூர்ப் பானைங்களைப் பாருங்க. உள்ளேயும் வாய் ஓரமும் கறுப்பு, வெளியே சிவப்பு. ஒரே மண்தான். காத்து பட்ட இடம் சிவக்குது. காத்துப் படாம கவுத்து வெச்ச இடம் கறுக்குது. பெயின்ட் அடிச்சது நெருப்பு.’’

இது எனக்குப் புரிந்தது. ஆனால், என் கேள்வி வேறு. பேங்க் பாஷையில் கேட்டேன்: ‘‘இதை யார் வாங்குவா?’’

*

வாங்க ஆள் வந்தார்! புதுச்சேரியில் காபிக் கடை திறக்கப் போகும் ஒருவர் 150 கோப்பைகள் கேட்டார். கோப்பை ஒன்று 350 ரூபாய். அட்வான்ஸ் இருபதாயிரம். ‘ஒன்று போல் ஒன்று இருக்காது’ என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி, மாதிரிகளையும் காட்டி, எழுதி வாங்கிக்கொண்டாள். (பாருங்கள், என் ரத்தம்!)

அவளுக்கென்று சொந்தச் சூளை கட்ட மூன்று லட்சம் நான் கொடுத்திருந்தேன். ரிட்டயர்மென்ட் பணம். ‘கடன்தான்’ என்று அவளே ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்த ஆர்டர் ஒழுங்காகப் போனால் சூளை நிலைக்கும். போகவில்லை என்றால் மறுபடி கம்ப்யூட்டர்தான் என்று அவளே சொல்லிவிட்டாள். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

190 கோப்பைகளைச் சூளையில் அடுக்கினாள். ‘‘நாப்பது எதுக்கு அதிகம்?’’ என்றேன். ‘‘சேதாரம்’’ என்றாள். நகைக்கடையில்தான் அந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறேன்.

சூளைக்கு நெருப்பு வைத்தது காலை ஐந்து மணிக்கு. கூடமாட ஒத்தாசைக்கு, பக்கத்துக் கிராமத்தில் ஆயுசு பூராவும் பானை வனைந்த ஒரு பெரியவர். அவர் சூளை வாசலில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் வைத்து, வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நானும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போனேன்.

எரிபொருள், சவுக்குக் கட்டை. ராத்திரி பதினோரு மணிக்குச் சூடு 1,280 டிகிரியைத் தொட்டது. அதற்கு மீட்டர் மட்டும் போதாதாம். சூளைக்குள்ளே சின்னச் சின்ன மண் கூம்புகளை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு குறிப்பிட்ட சூட்டுக்கு ஒரு கூம்பு தலை வணங்கும். ஓட்டை வழியாகப் பார்த்து, ‘‘வணங்கிருச்சு!’’ என்று குதித்தாள்.

அடுத்து நடந்ததுதான் விசேஷம். சோடா உப்பை வெந்நீரில் கரைத்து, பூச்சி மருந்து அடிக்கிற மாதிரி ஸ்பிரேயரால் சூளைக்குள் அடித்தாள். அந்தச் சூட்டில் சோடா ஆவியாகி, தீ போகிற பாதையெல்லாம் போய், மண்ணில் இருக்கும் மணல் சத்தோடு சேர்ந்து கண்ணாடியாகப் படியும். தீ நேராக அடிக்கிற பக்கம் பளபளப்பு; இன்னொரு கோப்பை மறைத்த பக்கம் மங்கல். எது எங்கே படியும் என்று முழுசாகச் சொல்ல யாராலும் முடியாது.

‘‘இதே முறையில உப்பைப் போட்டுத்தான்ப்பா முன்னெல்லாம் டிரெயினேஜ் குழாய்க்குப் பளபளப்பு ஏத்தினாங்க.’’

‘‘இதைக் கடைக்காரர்கிட்ட சொல்லிடாதே, தாயே!’’ என்றேன்.

*

இனிமேல் சொல்லப்போவதை நான் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

ராத்திரி ஒரு மணி. பெரியவர் லேசாகக் கண் அயர்ந்திருந்தார். என் பெண் அந்தப் பக்கம் ஸ்பிரேயரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நெருப்பு கொஞ்சம் தணிவது போல எனக்குத் தோன்றியது. சும்மா இருந்திருக்கலாம். கை இருக்குமா? நீளமான சவுக்குக் கட்டை ஒன்றை எடுத்து, ‘ம்!’ என்று ஒரே தள்ளாகத் தள்ளினேன்.

நெருப்பறைக்கும் கோப்பை அடுக்குக்கும் நடுவே செங்கல் தடுப்பு ஒன்று உண்டு. கட்டை அதில் போய் மோதியது. உள்ளே ‘டங்’ என்று ஒரு சத்தம். பிறகு, ‘சளக்’.

அந்த இரண்டாவது சத்தம் என் வயிற்றில் கேட்டது.

யாரும் திரும்பவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஐம்பது பைசாவுக்கு ஒன்பது மணிவரை உட்கார்ந்தவன், அன்றைக்குப் பேசாமல் போய்க் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டேன். தூக்கம்? ஏது!

சூளை ஆற மூன்று நாள். அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்று பட்டு எல்லாம் வெடித்துவிடும். அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்ட சாப்பாட்டில் உப்பு இருந்ததா, சோடா உப்பு இருந்ததா என்று கேட்டால் தெரியாது.

மூன்றாம் நாள் காலை, வாசல் செங்கல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். மேல் தட்டு... ஆஹா! தேன் நிறம், செம்மண் நிறம், சிலதில் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளிப் புள்ளியாக. நடுத்தட்டும் பரவாயில்லை. நெருப்பறையை ஒட்டிய கீழ்த்தட்டு மட்டும் சரிந்து கிடந்தது. அதிலிருந்த 24 கோப்பைகள் ஒன்றோடு ஒன்று சாய்ந்து, உருகிய கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, ஒரே கட்டியாக... நான் முன்பு சொன்ன அதே மண்ணாங்கட்டி!

‘‘பாப்பா... நான்தான்... கட்டையை வேகமாத் தள்ளிட்டேன்...’’

அவள் திரும்பிப் பார்க்காமலேயே சொன்னாள்: ‘‘தெரியும்ப்பா. அன்னிக்கே சத்தம் கேட்டுது. நீங்களா எப்ப சொல்லுவீங்கன்னு பார்த்தேன்.’’

பேங்க்கில் எனக்கு யாரும் மெமோ கொடுத்ததில்லை. அன்றைக்கு வாங்கினேன்.

*

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. மிச்சம் இருந்த 166 கோப்பைகளையும் வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி வைத்து, கசிகிறதா என்று பார்த்தாள். விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினாள். கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து, ஆடுகிறதா என்று பார்த்தாள். விரல் நகத்தால் சுண்டிக் காதில் கேட்டாள். பிறகு, சுத்தியலை எடுத்து, ஒதுக்கி வைத்த 41 கோப்பைகளை ‘படார் படார்’ என்று உடைக்க ஆரம்பித்துவிட்டாள்!

‘‘அய்யய்யோ! என்னம்மா இது? எல்லாமே தற்செயல், எல்லாமே அழகுன்னு நீதானே சொன்னே?’’

சுத்தியலைக் கீழே வைத்தாள். ‘‘நான் எப்பப்பா அப்படிச் சொன்னேன்? இது விளிம்பு உதட்டைக் கிழிக்கும். இது கைப்பிடியில விரிசல், சூடா காபியோட கழண்டு யார் மடியிலயாவது விழும். இதெல்லாம் தப்பு. இதோ பாருங்க, இது நெருப்பு ஒதுங்கிப் போன தடம். இது யாருக்கும் ஒண்ணும் செய்யாது. இது அதிர்ஷ்டம். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியலைன்னா நான் மண்ணைத் தொடவே கூடாது.’’

பெரியவர் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, ‘‘பாப்பா சொல்றது வாஸ்தவம் சார். கலயம் கொஞ்சம் கோணலா இருந்தா கஞ்சி கோவிச்சுக்காது. ஓட்டையா இருந்தாத்தான் கோவிச்சுக்கும்’’ என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தற்செயலை நம்புகிற வேலை என்றால் சோம்பேறி வேலை என்று நினைத்திருந்தேன். மண்ணை எடை போட்டு, நாள் கணக்கில் உலர்த்தி, கட்டையை எண்ணி அடுக்கி, கூம்பு வணங்குகிறதா என்று கண் எரியப் பார்த்து, மனுஷனால் ஆனது அத்தனையும் செய்துவிட்டு, கடைசியில் ஒரு ஜன்னலைத் திறந்து வைக்கிறார்கள். நெருப்பு உள்ளே வந்து என்ன செய்ததோ, அதில் எதை வைத்துக்கொள்வது, எதை உடைப்பது என்பது மறுபடி மனுஷன் பொறுப்பு.

ஜப்பானில் ஷோஜி ஹமாதா (1894-1978) என்று ஒரு பெரிய குயவர். தட்டின் மேல் கரண்டியால் ‘சரக்’ என்று ஒரு வீச்சில் வண்ணக் கரைசலை ஊற்றுவார். ஊற்றியது ஊற்றியபடி, திருத்தமே கிடையாது. ‘பதினைந்து விநாடி வேலைதானே?’ என்று கேட்டதற்கு, ‘பதினைந்து விநாடியோடு அறுபது வருடத்தையும் சேர்த்துக் கொள்ளுங்கள்’ என்கிற மாதிரி பதில் சொன்னாராம். கேஷ் கவுண்ட்டர்காரனுக்கு இது நன்றாகப் புரியும். நோட்டுக் கட்டைத் தொட்டவுடன் ஒன்று குறைகிறது என்று சொல்ல எனக்கு எத்தனை வருடம் ஆயிற்று!

*

ஆக, கைவசம் 125 கோப்பைகள். இருபத்தைந்து குறைவு. கடைக்காரருக்கு போன் பண்ணி உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் நேரில் வந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். 110 எடுத்துக்கொண்டார், 15 கோப்பைகள் ‘ரொம்ப மங்கல்’ என்று ஒதுக்கிவிட்டார். மீதி நாற்பதை இரண்டு மாதத்தில் தருவதாகப் பேச்சு. எனக்கு உயிர் வந்தது.

அந்தக் கட்டி? தூக்கிப் போடுவாள் என்று பார்த்தால், தோட்டத்தில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் தினமும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘‘அதைப் பார்த்தா எனக்கு வயித்தைக் கலக்குது. எங்கேயாவது புதைச்சிடேன்’’ என்றேன்.

‘‘இங்கே பாருங்கப்பா. இந்தக் கோப்பை சாய்ஞ்சு விழுந்திருக்கு இல்ல? உருகின கண்ணாடி நேரா கீழே வழியாம, வயித்தைச் சுத்திப் பக்கவாட்டுல ஓடி, ஓரத்துல பச்சைச் சொட்டா நிக்குது. நிக்க வெச்சுச் சுட்டா இது வரவே வராது.’’

பிறகு, அமெரிக்காவில் பால் சோல்ட்னர் என்பவரின் கதையைச் சொன்னாள். 1960-ல் கலிபோர்னியாவில் ஒரு கைவினைச் சந்தையில், புத்தகத்தைப் படித்துவிட்டு ஜப்பானிய ‘ராக்கு’வைச் செய்துகாட்டப் போனாராம். வந்தது ஒன்றும் திருப்தியில்லை. என்ன தோன்றியதோ, பழுக்கக் காய்ந்த பானையை இடுக்கியால் எடுத்து, பக்கத்தில் உதிர்ந்து கிடந்த பெப்பர் மரத்துச் சருகில் போட்டுவிட்டார். (நம் ரசத்துக்குப் போடுகிற மிளகு இல்லை. இது வேறு ஜாதி மரம்.) சருகு பற்றிக்கொண்டு புகைய, அந்தப் புகை பானையில் ஏறிக் கறுத்து, புதுசாக ஒரு அழகு வந்துவிட்டது. இன்றைக்கு உலகம் பூராவும் ‘ராக்கு’ என்று புகையில் போட்டு எடுக்கிறார்களே, அது பரவியது அந்தச் சருகிலிருந்துதான். தற்செயல் ஒரு நாள்தான். அதை மறுபடி மறுபடி செய்து பார்த்து ஒரு முறையாக ஆக்கியதற்கு அவருக்கு வருடக்கணக்கில் ஆயிற்று.

இதற்கு நேர்மாறாக இன்னொருவர், ஜார்ஜ் ஓர் (1857-1918). மிசிசிப்பி மாகாணத்தில் பிலாக்ஸி என்ற ஊர். முழ நீள மீசை. காகிதம் போல மெல்லிசாகப் பானை வனைந்து, அதைக் கையாலேயே கசக்கி, முறுக்கிச் சுடுவார். 1894-ல் பட்டறை தீப்பிடித்து எரிந்தபோது, கருகிய பானைகளைத் ‘தீய்ந்த குழந்தைகள்’ என்று சொல்லிப் பத்திரப்படுத்தினாராம். ஊரில் ‘கிறுக்குக் குயவன்’ என்று பெயர். அவர் போன பிறகு, ஆயிரக்கணக்கான பானைகள் மகன்களின் மோட்டார் ரிப்பேர் கடையில் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. 1960-களின் கடைசியில் பழம்பொருள் வியாபாரி ஒருவர் கண்ணில் பட்ட பிறகுதான் மவுசு வந்தது. இப்போது அதே ஊரில் அவர் பெயரில் மியூசியமே இருக்கிறது!

‘‘கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா, ஐம்பது வருஷம் காத்திருக்க என் பென்ஷன் தாங்காது பாப்பா!’’ என்றேன்.

*

அடுத்த சூளைக்கு அவள் கோப்பைகளை நிற்க வைக்கவில்லை. கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களுக்குள் மண்ணை அடைத்து, அதன் மேல் கோப்பைகளைப் படுக்க வைத்தாள். வேண்டுமென்றே! ஒவ்வொன்றையும் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்த்தாள் என்று நோட்டில் குறித்துக்கொண்டாள். கட்டை தள்ளும் வேலை மட்டும் எனக்குக் கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டாள்.

திறந்தபோது... கண்ணாடி பக்கவாட்டில் ஓடி, பச்சைச் சொட்டாக நின்றிருந்தது. கிளிஞ்சல் பட்ட இடத்தில் அச்சு அசல் கிளிஞ்சல் வரி! அந்தச் சூட்டில் கிளிஞ்சல் நீறிச் சுண்ணாம்பாகிவிடுமாம். தண்ணீர் பட்டதும் பொலபொலவென்று உதிர்ந்தது. பெரியவர் ஆவலாகக் கிட்டே வந்து, ‘‘வெத்தலைக்கு ஆகுமா பாப்பா?’’ என்றார். ‘‘சோடா கலந்திருக்கு தாத்தா, வாய் வெந்துடும்!’’ என்று அலறினாள்.

இதிலும் எல்லாம் ஜெயித்துவிடவில்லை. படுத்த கோப்பைகளில் பாதிக்குப் பாதி வாய் நசுங்கிப் போய், சுத்தியலுக்கு வேலை வந்தது. ஆனால், மிச்சத்தில் கடைக்காரர் கேட்ட நாற்பது கிடைத்துவிட்டது. மேற்கொண்டு அறுபதுக்கு ஆர்டரும் வந்தது, ‘அந்தச் சிப்பி போட்டது’ வேண்டும் என்று!

இப்போதெல்லாம் காலை காபி அந்த இடுப்பு ஒடிந்த கோப்பையில்தான். அதன் சாய்வு என் கட்டை விரலுக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது. என் மனைவி வேறு டம்ளரில் கொடுத்தால், கை எதையோ தேடுகிறது.

போன மாதம் ஊருக்கு வந்தவள், கடன் நோட்டை என் முன்னால் வைத்தாள். அசல் 3,00,000. திருப்பியது 1,20,000. பாக்கி 1,80,000 என்று இருக்கவேண்டும் அல்லவா? 1,71,600 என்று எழுதியிருந்தாள். என்னடா இது, கணக்கு உதைக்கிறதே என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன்.

நடுவில் ஒரு வரி: ‘அப்பா தள்ளிய கட்டை - கோப்பை 24, ஒன்று ரூ. 350 வீதம், கழிவு ரூ. 8,400.’

இரண்டு தடவை பெருக்கிப் பார்த்தேன். கணக்கு பைசா சுத்தமாகச் சரியாக இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.